மாமனார் பிரிட்ஜுக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட்

எனக்குப் பொய் சொல்ல வராது. நான் பெரிய யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நீச்சல் வராது, விசில் அடிக்க வராது என்பது போல இதுவும் எனக்கு வராத ஒரு வித்தை, அவ்வளவுதான். பொய்யை ஆரம்பித்ததுமே காது இரண்டும் சிவந்துவிடும். அப்புறம் யாரும் கேட்காத விவரங்களைக் கொட்ட ஆரம்பிப்பேன். 'ஏன் லேட்டு?' என்றால் 'பஸ் வரலை சார்' என்று நிறுத்தத் தெரியாது. வராத பஸ்ஸின் டிரைவருக்கு நேற்று ராத்திரி காய்ச்சல் கண்டது வரைக்கும் போய் மாட்டிக்கொள்வேன். இப்படிப்பட்ட ஆள், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இருதயம் பலகீனமான மாமனாரிடம் ஒரு பொய் சொல்லத் துணிந்தேன். அதுவும் வாயால் மட்டும் சொல்லவில்லை. பெயிண்ட் அடித்துச் சொன்னேன்.

நான் கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா. குமாஸ்தாவுக்கு எதுக்குய்யா பஸ் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கோமதி இன்றைக்கும் கேட்கிறாள். எல்லாம் அவள் தம்பி செந்திலால் வந்த வினை. செந்தில் ஓ.டி. என்கிற பழைய டவுனில் லாரி, பஸ்களுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். ஒரு காலேஜ் ஓட்டி ஓட்டித் தீர்த்த பஸ்ஸை அவன் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தான். சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, சாமி படத்துக்கு ஒரு பலகை என்று வைத்து, பஸ்ஸை வீடாக்கினோம். லீவு விட்டால் குடும்பத்தோடு கிளம்பிவிடலாம், ரூம் தேட வேண்டாம். தெருவில் அதற்கு 'வீட்டு பஸ்' என்று பேர்.

அதில் ஒரு பிரிட்ஜும் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் சீராகக் கொடுத்தது. சிதம்பரத்திலிருந்து மினி லாரியில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மாலை போட்டுக்கொண்டு வந்து இறங்கிய சிவப்பு பிரிட்ஜ். வீட்டுக்குப் பெரிய பிரிட்ஜ் வாங்கியபோது இதை பஸ்ஸில் ஏற்றினோம். எங்கள் பக்கம் சீர் சாமான் புருஷன் வீட்டில் இருந்தாலும் பெண் வீட்டுச் சொத்துதான். ஓட்டை விழுந்த சீர்க் குடத்தைக்கூட அவர்கள் காதில் போடாமல் காயலான் கடையில் போட முடியாது. (போட்டுத்தான் பாருங்களேன். அடுத்த இருவது வருசத்துக்கு எந்தச் சண்டையிலயும் அந்தக் கொடம் வந்து நிக்கும்.)

மாமனார் கரண்ட் ஆபீஸில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நெஞ்சு வலியில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார். இரண்டாம் தடவை டாக்டர் என்னையும் கோமதியையும் வெளியே கூப்பிட்டு, "ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு. இனிமே நாங்க செய்யறதுக்கு ஜாஸ்தி ஒண்ணும் இல்ல. மாசக் கணக்குதான். ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்றார். கோமதி உள்ளே போய், "எல்லாம் சரியாயிடுச்சாம்ப்பா" என்றாள், நான் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். அத்தையிடமும் செந்திலிடமும் மட்டும் உண்மையைச் சொன்னோம். அத்தையும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அதான் நல்லாயிட்டீங்களே" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாருமே பொய்யில் கெட்டிக்காரர்கள்.

மாமனார் நம்பிவிட்டார். அன்றைக்குக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அந்த பிரிட்ஜும் நானும் ஒண்ணு மாப்ள. அது ஓடற வரைக்கும் நானும் ஓடுவேன்" என்றார். அதன் பிறகு போன் செய்யும்போதெல்லாம் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் பிரிட்ஜ் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். உடம்பு நல்லானால் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். உடம்புதான் நல்லாகிவிட்டதே! சித்திரையில் நம்ம பஸ்ஸிலேயே போய் மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அவரே நாள் குறித்தார்.

அவர் நாள் குறித்த வாரத்தில் பிரிட்ஜ் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். கம்ப்ரசரைத் தட்டினார். அப்புறம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சார், இது போயி ரொம்ப நாளாச்சு. நீங்கதான் இன்னும் எடுக்காம வச்சிருக்கீங்க" என்றார். வெறும் பிரிட்ஜ் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. மாமனாரின் இன்சுலின் மருந்தைச் சித்திரை வெயிலில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும், அதனால் புதுசு வாங்கியே ஆக வேண்டும். பேட்டரியிலேயே ஓடும் சின்ன வெள்ளை பிரிட்ஜ் ஒன்று வாங்கினோம்.

"அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் கோமதி. "அவரு மருந்துக்காகத்தானே மாத்தறோம்? ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அது நின்னா நானும் நின்னுடுவேன்னு சொன்ன மனுசன்கிட்ட எப்படிடி சொல்றது?"

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்ன எந்தச் சமயத்திலும் எதுவும் உருப்பட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் உள்ளே போய்விட்டாள்.

பழையதை வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. செந்தில் பஸ்ஸை வீடாக்கியபோது முதலில் பிரிட்ஜை வைத்துவிட்டு, அப்புறம் அதைச் சுற்றி சமையல் மேடையை வெல்டு வைத்திருந்தான். முன்வாசலில் கம்பி இடித்தது. பின்னால் எமர்ஜென்சி கதவை மறைத்துக் கட்டில். கடைசியில் கட்டிலை அறுத்து, பிரிட்ஜைப் படுக்கப் போட்டு, எமர்ஜென்சி கதவு வழியாகத் தள்ளினோம். பாதி வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டது. பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து நீளமான பெட்டி ஒன்றை நாலு பேர் சுமந்து இறக்குவதைத் தூரத்திலிருந்து பார்த்த ஒரு அம்மா, பிணத்தை வைத்த ஐஸ் பெட்டி என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "யாருப்பா தவறிட்டது?" என்று என்னைக் கேட்டார். நான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதைப் பார்த்து அந்த அம்மா, "அழுவாத தம்பி, வயசானவரா?" என்றார்.

காயலான் கடைக்காரர் அதை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கட்டும்போது சரியாக மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, நம்ம பிரிட்ஜ் நல்லா ஓடுதா?"

"ஓடுது மாமா" என்றேன். வண்டி கிளம்பித் தெரு முனை திரும்பியது. "நேத்துகூட ஐஸ் கட்டி வச்சோம் மாமா. பதினாலு கட்டி. அதுல ரெண்டு ஒடஞ்சிருந்துச்சு..."

செந்தில் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

திட்டம் என்னுடையது. பழியை அவன் மேல் போட மாட்டேன். மாமனாருக்கு ஒரு கண்ணில் புரை, இன்னொன்று ஆபரேஷன் செய்த கண். சிவப்பாக, அதே உயரத்தில், அதே இடத்தில் ஒன்று நின்றால் போதும், அவருக்கு அது அதே பிரிட்ஜ்தான் என்றேன். செந்தில் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "மாமா, இது வேலைக்கு ஆவுமா?" என்றான். (எங்க பக்கம் அக்கா புருசனும் மாமாதான், பொண்டாட்டியோட அப்பாவும் மாமாதான். அதனால எங்க வீட்டுல 'மாமா'ன்னு கூப்பிட்டா ரெண்டு மூணு பேரு திரும்புவோம்.) "ஆவும்டா மச்சான், அடி" என்றேன். கீழே பிளைவுட் பெட்டி ஒன்றைச் செய்து அதன் மேல் புது பிரிட்ஜை ஏற்றினான். முன்பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பக்கமும் லாரிக்கு அடிக்கிற சிவப்பை அடித்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் அடித்தான். அவனுக்கு எந்த வேலையும் முந்தின நாள்தான் கைக்கு வரும். கடலூர்க் காற்று எப்போதும் ஈரம். அதில் துணியே காயாது, பெயிண்ட் எங்கே காயும்? மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன், லேசாக ஒட்டியது. "போற வழியில காஞ்சிடும்" என்றான்.

சிதம்பரத்தில் மாமனார் வாசலிலேயே தயாராக நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. பஸ் படியேற நான் கை கொடுத்தபோது அவர் கை எனக்குக் கனக்கவே இல்லை. பார்க்க முடியாமல் நான் அத்தையின் பையை வாங்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவர் உள்ளே வந்ததும் நேராக பிரிட்ஜைத்தான் பார்த்தார். "பரவால்லியே, புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே!" என்றார். கோமதி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை.

செந்தில் பஸ்ஸை எடுத்தான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மாமனார் எழுந்து பிரிட்ஜ் பக்கம் போனார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மாப்ள, சத்தத்தையே காணமே?"

"சர்வீஸ் பண்ணோம் மாமா. கேஸ் அடிச்சு, ஆயில் விட்டு... அந்த மெக்கானிக்குக்குக்கூட இப்பதான் ரெண்டாவது கொழந்த பொறந்திருக்கு மாமா, பொண்ணு..."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளங்கையை விரித்து பிரிட்ஜ் கதவில் வைத்து அழுத்தினார். போர்மேன் கை. டிரான்ஸ்பார்மர் ஆனாலும் மோட்டார் ஆனாலும் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் கையை வைத்து அதிர்வைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. கண்ணை ஏமாற்றத் திட்டம் போட்ட நானும் செந்திலும் காதையும் கையையும் மறந்தே போயிருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கையை அழுத்தியிருந்தார். அப்புறம் கையைப் பிய்த்து எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம், யோசனை வந்தால் இடது மார்பைத் தடவிக்கொள்வார். அந்தக் கையாலேயே தடவினார்.

அத்தை பார்த்துவிட்டார். வெள்ளைச் சட்டையில், சரியாக நெஞ்சின் மேல், சிவப்பு!

"ஐயோ, ரத்தம்! ஐயோ, என் தெய்வமே, போயிட்டீங்களே!"

நின்றுகொண்டிருந்த மனுஷனைப் பார்த்துத்தான் அப்படிக் கத்தினார். செந்தில் பயந்து போய் பிரேக்கை மிதித்தான். பெட்டி மேல் நின்ற பிரிட்ஜ் அப்படியே சரிந்து அறுத்து ஒட்டிய கட்டில் மேல் மல்லாந்தது. முன்பக்கமும் ஒரு பக்கமும் சிவப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

பஸ் நின்றது முட்லூர் கூட்டு ரோட்டில். டீக்கடையிலிருந்து ஆள்கள் ஓடி வந்தார்கள். நெஞ்சில் சிவப்போடு பெரியவர், கீழே உட்கார்ந்து கதறும் கிழவி, வாசலில் திருதிருவென்று விழிக்கும் நான். 'வேணாம், ஒண்ணுமில்ல' என்று நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. ஒருவர், "இந்த ஆளு மேலதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று என்னைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது. யாரோ போன் செய்து, கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

அதிலிருந்து இறங்கிய நர்ஸ் சின்னப் பெண். மாமனாரின் கையைப் பிடித்துப் பார்த்தவள் மூக்கைச் சுளித்தாள். "சார், இது பெயிண்ட்டு சார்!" என்றாள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஆனாலும் பொறுப்பான பெண், வந்த கடமைக்கு பிரஷர் பார்த்தாள், நாடி பார்த்தாள். "ஏதாவது டிரீட்மெண்ட்ல இருக்காங்களா?" என்றாள். கோமதி பதற்றத்தில் பையிலிருந்த ஆஸ்பத்திரி பைலை எடுத்து நீட்டிவிட்டாள். நான் பாய்ந்து பிடுங்குவதற்குள் அந்தப் பெண் படித்துவிட்டாள். அவள் முகம் மாறியது.

"இவ்ளோ மோசமா இருக்கே. இந்த நெலமையில ஏன் சார் இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் என்னிடம்.

"எந்த நெலமையில?" என்று கேட்டார் மாமனார்.

கோமதி பைலுக்காகக் கையை நீட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள், பாவம். பைலை மூடிக் கோமதியிடம் கொடுத்துவிட்டு, "தண்ணி நெறைய குடிக்காதீங்க தாத்தா, நெஞ்சுக்கு ஆவாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கூட்டமும் கலைந்தது. மாமனார் பஸ் படியில் உட்கார்ந்து, சிவந்த உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். முதலில் அத்தையைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பிரிட்ஜ் எப்ப நின்னுச்சு மாப்ள?"

"போன வாரம் மாமா."

"எனக்கும் இப்படித்தான் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தீங்களா எல்லாரும்?"

"அதெல்லாம் இல்ல மாமா. அந்தப் பொண்ணு புதுசு போல. பைலு மாறிப்போயி... அந்த ஆஸ்பத்திரியில பைல் அடுக்கறவரு லீவு போல..." என் காது எரிந்தது. அவர் நான் முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். எனக்கு மேலே விவரம் எதுவும் வரவில்லை. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு ரோட்டிலேயே அழுதேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். (என் சட்டையிலயும் அஞ்சு வெரலு பதிஞ்சிது.)

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

"வீட்டுக்கா மாமா?"

"திருவந்திபுரத்துக்கு. நல்லாயிட்டா மொட்டைன்னு வேண்டிக்கிட்டேன். நல்லாவல. ஆனா மொத தடவையே போயிருக்க வேண்டியவன், இவ்ளோ நாள் விட்டு வச்சிருக்காரே. அதுக்கு அடிச்சிடலாம்."

அடித்துக்கொண்டார். மொட்டை போடும்போது, "கையில என்னா பெரியவரே?" என்று கேட்டவரிடம், "எங்க மாப்ள வச்சிவுட்ட மருதாணி" என்றார். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தவர், நிமிர்த்தி வைத்திருந்த புது பிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "இது நல்லா கூல் ஆவுது. பழசை எந்தக் காயலான் கடையில போட்டீங்க?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அத்தையிடம் அன்றைக்கு முழுக்க அவர் பேசவில்லை. சாயங்காலம் கெடிலம் ஆற்றுப் பக்கம் பஸ்ஸை நிறுத்தியிருந்தபோது அவரே போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நாங்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்து பஸ்ஸின் முன் டயரை ரொம்ப அக்கறையாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது குறிஞ்சிப்பாடி வழியாகப் போகச் சொன்னார். அங்கே அவர் தம்பி இருக்கிறார். ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்தியில் கவனிக்கவில்லை என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் வருஷக் கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டு பஸ் அவர் வாசலில் போய் நின்றது. "உள்ள கூப்புட மாட்டியாடா?" என்றார் மாமனார். தம்பி அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்ததும் உடைந்து போய்விட்டார்.

அவர் கார்த்திகை வரைக்கும் இருந்தார். கடைசியாகச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார். "இவுங்க எல்லாம் நல்லா பொய் சொல்றாங்க மாப்ள. உங்களுக்குத்தான் அது வரல. நீங்க சொல்லுங்க. இன்னும் எத்தினி நாளு?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சரி" என்றார். என் காதை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "நெசந்தான்" என்றார். தம்பியை வரவழைத்தார், கோமதியைப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார், அத்தை இனிமேல் எங்கே இருக்க வேண்டும் என்று தானே பேசி முடித்தார். மூன்றாம் நாள் காலையில் போனார்.

அன்றைக்கு எல்லாருக்கும் போன் செய்து சொன்னது நான்தான். அதிலிருந்து குடும்பத்தில் அந்த வேலை எனக்கே என்று ஆகிவிட்டது. டாக்டர் ரூமுக்குள் துணைக்கு யார் போவது? நான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதைச் சொல்வது யார்? நான். "அவரைக் கேளுங்க, அவருக்குத்தான் பொய் சொல்லத் தெரியாது" என்று கோமதி எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். என் பேர் போனில் வந்தால் சொந்தக்காரர்கள் டி.வி.யை அணைத்துவிடுவார்களாம்.

போன மாசம் என் பெண்ணுக்குப் பிரசவம். சுகப் பிரசவம், பெண் குழந்தை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல சேதியை நானே சொல்லப் போகிறேன் என்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, முதல் ஆளாகச் செந்திலுக்குப் போன் போட்டேன்.

"மச்சான்..." என்றேன்.

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. அப்புறம், "இருங்க மாமா, உக்காந்துக்கறேன்" என்றான்.

"டேய், பேத்தி பொறந்திருக்காடா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கடா!"

"சரி மாமா" என்றான் அழுகிற குரலில். "பரவால்ல, தாங்கிக்கறேன். அடுத்ததையும் சொல்லிடுங்க."